நகரத்தை ஒட்டி ஓர் எளிய சைக்கிள் சுற்று: எந்த வகைப் பாதையைத் தேர்வது?

வரைபடத்தில் 30 கி.மீ., சமதளம், முழுக்கத் தார்ப்பாதை என்று காட்டும் ஒரு சுற்று, ஓட்டி முடிக்கும்போது 50 கி.மீ. போன களைப்பைத் தந்துவிடலாம். அதே நகரத்தின் இன்னொரு பக்கத்தில் 40 கி.மீ. சுற்று ஒன்று அலுங்காமல் குலுங்காமல் முடிந்துவிடலாம். தூரமும் ஏற்றமும்தான் நாம் முதலில் பார்ப்பவை. ஆனால் எளிய சுற்று என்று வரும்போது அவை இரண்டாம் பட்சம். எத்தனை இடத்தில் காலை ஊன்றி நிற்க வேண்டியிருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, பாதையில் நம்மோடு யாரெல்லாம் இருக்கிறார்கள், நடுவழியில் போதும் என்று தோன்றினால் சுருக்கித் திரும்ப வழி உண்டா என்பவைதான் அந்த நாளைத் தீர்மானிக்கின்றன.

கார் வராத, தார் அல்லது கான்கிரீட் போட்ட பாதைகளில் ஒரு சுற்று வேண்டும் என்று தேடினால் பெரும்பாலான நகரங்களில் கிடைப்பது நான்கு வகை. பூங்காவையோ ஏரியையோ சுற்றிவரும் சிறு வளையம் ஒன்று. ஆற்றின் ஒரு கரையில் போய் மறு கரையில் திரும்புவது இன்னொன்று. ரயில் நின்றுபோன பழைய தடத்தில் போட்ட பாதை மூன்றாவது. கடைசி, துண்டு துண்டாகக் கிடக்கும் பாதைகளைச் சிறு தெருக்களால் கோர்த்து நாமே உண்டாக்கும் சுற்று. என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஓரளவு ஓட்டிப் பழகியவருக்கு ஆற்றின் இரு கரைதான் முதல் தேர்வு. ஆனால் எல்லா ஆறும் அதற்கு இடம் தராது, எல்லா நாளும் அதற்கு ஏற்ற நாளும் இல்லை.

முதலில் கொஞ்சம் கணக்கு

ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத சமதளத்தில், ஓரளவு நிமிர்ந்து உட்கார்ந்து, மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போக சுமார் 75 முதல் 80 வாட் போதும். நல்ல உடல்நிலையில் இருக்கும் எவரும் பேசிக்கொண்டே கொடுக்கக்கூடிய உழைப்பு இது. இப்போது பாதை 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுகிறது என்றால், அதே வேகத்துக்கு இன்னும் 44 வாட் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஏற்றம்தான், ஆனால் உழைப்பு பாதிக்கு மேல் கூடிவிட்டது.

எதிர்காற்று இதைவிட மோசம். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில், இலைகளை லேசாக அசைக்கும் காற்று எதிரே வந்தாலே 60 வாட்டுக்கு மேல் கூடுதலாகக் கேட்கும். அதாவது, வானிலை அறிக்கையில் நாம் கண்டுகொள்ளாமல் விடுகிற காற்று, ஒரு சதவீத ஏற்றத்தைவிடக் கடினமானது. உழைப்பைக் கூட்டாமல் அதே 75–80 வாட்டிலேயே ஓட்டினால் எதிர்காற்றில் வேகம் 15 கி.மீ.க்குச் சற்றுக் கீழே விழும், பின்காற்றில் 26 வரை ஏறும். 15 கி.மீ. போய் 15 கி.மீ. திரும்பும் ஒரு சுற்றில் போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது 35 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் ஒன்றரை மணியில் முடிந்திருக்கும். போகும்போது பிடுங்கியதை வரும்போது காற்று முழுதாகத் திருப்பித் தருவதில்லை.

நிற்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 20 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக நின்று மறுபடி அதே வேகத்துக்கு வருவது, ஏறக்குறைய 90 மீட்டர் கூடுதலாக ஓட்டியதற்குச் சமமான சக்தியைத் தின்னும். முப்பது முறை நின்றால் கிட்டத்தட்ட 3 கி.மீ. எண்ணாகப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கியரைக் குறைத்து, காலை இறக்கி, இரண்டு பக்கமும் பார்த்து, மறுபடி அழுத்திக் கிளம்பும்போது தொடைக்கு வரும் திடீர்ச் சுமை எந்த வாட் கணக்கிலும் சரியாகத் தெரியாது. பழகாதவர்களைக் களைப்பாக்குவது பெரும்பாலும் இதுதான்.

பூங்கா வளையம், ஏரி வளையம்

புதிதாக ஓட்டுபவர், சிறுவர்கள், நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடி சைக்கிள் எடுத்தவர் ஆகியோருக்கு இதில் யோசிக்கவே வேண்டாம். 5 முதல் 10 கி.மீ. வளையம், எங்கே இருந்தாலும் வண்டி நிறுத்திய இடம் பக்கத்தில்தான். பஞ்சர் ஆனால் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். தண்ணீர், கழிப்பறை, நிழல் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். சாலையைக் கடக்கும் வேலை மிகக் குறைவு.

நல்ல உதாரணம் பெர்லினின் டெம்பல்ஹோஃப். 2008-இல் மூடப்பட்ட விமான நிலையம் அது. 2010-இல் ஓடுதளங்களோடு அப்படியே பொதுமக்கள் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். சுற்றுப்பாதை சுமார் 6 கி.மீ., சிக்னல் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் திறந்தவெளி என்பதால் காற்றுக்குத் தடுப்பும் கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் பறப்போம், ஒரு பக்கம் முனகுவோம்.

பூங்கா என்றாலே சமதளம் என்று எண்ணிவிடக் கூடாது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 2018 முதல் கார்கள் இல்லை, முழு வளையம் ஏறக்குறைய 10 கி.மீ. வடக்கு மூலையில் இருக்கும் ஹார்லெம் மேடு புதியவர்களுக்கு எளிதே அல்ல. அங்கே நல்ல விஷயம், 72-ஆம் தெரு, 102-ஆம் தெரு ஆகியவற்றின் நேரே குறுக்குப் பாதைகள் இருப்பதால் மேட்டையே தொடாமல் சிறு வளையமாகச் சுற்றிவிடலாம். ஒரு பூங்காவைத் தேர்வதற்கு முன் இப்படிக் குறுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

இந்த வகையின் உண்மையான பலவீனம் கூட்டம். விடுமுறை நாள் காலை 9 மணிக்கு மேல் நடப்பவர்கள், ஓடுபவர்கள், நீளக் கயிற்றில் நாய், மூன்று சக்கரச் சைக்கிளில் குழந்தை என்று பாதை நிறைந்துவிடும். அதில் ரோடு பைக் எனும் வேகச் சைக்கிளை 25 கி.மீ. வேகத்தில் விடுவது ஆபத்து மட்டுமல்ல, அநாகரிகமும்கூட. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் தனித்தனிப் பாதை போட்ட இடங்களில் இந்தப் பிரச்சினை பாதியாகக் குறைந்துவிடும். மினியாபொலிஸ் நகரத்து ஏரிகளைச் சுற்றி அப்படித்தான் இருக்கிறது. வான்கூவரின் ஸ்டான்லி பார்க் கடற்சுவர்ப் பாதையில் சைக்கிள்கள் இடஞ்சுழியாக மட்டுமே போகவேண்டும் என்று விதி. எதிரே யாரும் வரமாட்டார்கள் என்ற நிம்மதி, பாதை இன்னொரு மீட்டர் அகலமானதற்குச் சமம்.

அப்புறம் சலிப்பு. அதே 6 கி.மீ.யை ஐந்து முறை சுற்றுவது சிலருக்குத் தியானம், சிலருக்குத் தண்டனை. இதில் நான் இரண்டாவது கட்சி.

ஆற்றின் இரு கரைகள்

ஆற்றங்கரைப் பாதையை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் காட்சி அல்ல, பாலங்கள். நகரத்துச் சாலைகள் ஆற்றைக் கடக்கும்போது மேலே போய்விடுகின்றன. கரையோரப் பாதை பாலத்துக்கு அடியில் நுழைந்து வெளியே வந்துவிடுகிறது. ஒரு பெரிய நகரத்தின் நடுவே, ஒரு சிக்னலில்கூட நிற்காமல் 10 கி.மீ. போக இதைவிட எளிய வழி வேறு இல்லை. அதோடு சமவெளியில் ஓடும் ஆறு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காது என்பதால் கரையும் கிட்டத்தட்ட சமதளம்தான்.

இன்னொரு லாபம், ஒவ்வொரு பாலமும் ஒரு திரும்பும் வழி. இரண்டு கி.மீ.க்கு ஒரு பாலம் இருக்கும் ஆற்றில், இன்று 12 கி.மீ. போதுமா, 30 வேண்டுமா என்பதைக் கிளம்பிய பிறகும் மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஆளுக்கு இது வசதி. வேகம் வேறுபடும் நான்கு பேர் சேர்ந்து போகும்போது இதன் அருமை இன்னும் புரியும். களைத்தவர் மூன்றாவது பாலத்தில் கடந்து திரும்பட்டும், மற்றவர்கள் ஐந்தாவது வரை போய் மறு கரையில் அவரைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தப் பாலத்தில் ஏறுவது எப்படி? பெரும்பாலானோர் வரைபடத்தில் பார்க்க மறந்து, நேரில் போய்த் திகைக்கும் இடம் இதுதான். பாதை கீழே, பாலம் மேலே. சரிவுப்பாதை இருந்தால் நல்லது. சில இடங்களில் படிக்கட்டின் ஓரமாகச் சக்கரத்தை உருட்ட ஒரு சிறு பள்ளம் மட்டும் இருக்கும். அதில் ஒல்லியான ரோடு பைக்கைத் தள்ளிவிடலாம், பின்னால் குழந்தை இருக்கை கட்டிய சைக்கிளைத் தள்ள முடியாது. மேலே ஏறிய பிறகும் பாலத்தின் எந்தப் பக்கத்து நடைமேடையில் சைக்கிளுக்கு இடம், மறுபக்கம் இறங்கும் வழி சரியான திசையில் விடுகிறதா என்றெல்லாம் பார்க்கவேண்டும். இரு கரைச் சுற்றைத் திட்டமிடுவது என்றால் உண்மையில் இரண்டு நல்ல பாலங்களைக் கண்டுபிடிப்பதுதான். நடுவில் இருக்கும் பாதை தன்னால் அமைந்துவிடும்.

சியோலில் ஹான் ஆற்றின் இரு கரையிலும் அகலமான சைக்கிள் பாதைகள் உண்டு. பாலங்களோ மிகப் பெரியவை, மேலே ஏறுவதே ஒரு வேலை. அங்கே ஜம்சு என்று ஒரு தாழ்வான பாலம் இருக்கிறது. 1976-இல் கட்டியது. பின்னர் அதன் தலைக்கு மேலேயே பன்போ பாலத்தைக் கட்டினார்கள். ஜம்சு தண்ணீர் மட்டத்துக்கு அருகிலேயே இருப்பதால் கரைப் பாதையிலிருந்து அதிகம் ஏறாமல் அக்கரை போய்விடலாம். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் பாலம் மூழ்கும், மூடிவிடுவார்கள். ஆற்றங்கரைப் பாதையின் நல்லது கெட்டது இரண்டையும் இந்த ஒரே பாலத்தில் பார்த்துவிடலாம்.

வியன்னாவில் பாலம் தேடும் தொல்லையும் இல்லை. வெள்ளத்தைப் பிரித்துவிட 1972 முதல் 1988 வரை வெட்டிய புதிய கால்வாயின் மண்ணைக் கொட்டி, டானூபுக்கு நடுவே 21 கி.மீ. நீளத்தில் ஒரு தீவை உண்டாக்கியிருக்கிறார்கள். ஒல்லியான, கார் இல்லாத தீவு. ஆற்றுப் பக்கமாகப் போய்க் கால்வாய்ப் பக்கமாகத் திரும்பலாம், எங்கே வேண்டுமானாலும் குறுக்கே வெட்டிக்கொள்ளலாம். எளிய சுற்றுக்கென்றே யாரோ வரைந்ததுபோல இருக்கும். கட்டியது என்னவோ வெள்ளத் தடுப்புக்கு.

காற்றை இங்கே மறக்கவே கூடாது. ஆற்றுப் பள்ளத்தாக்கு காற்றைத் தன் நீளத்துக்குத் திருப்பிவிடும். மரமும் குறைவாக இருந்தால் ஒரு கரை முழுக்க எதிர்காற்று, மறு கரை முழுக்கப் பின்காற்று என்று ஆகிவிடும். முதல் கரை எதிர்காற்றாக இருக்கும்படி கிளம்புங்கள். சுகமாகப் பறந்துபோய் 15-ஆவது கிலோமீட்டரில் திரும்பினால், அதுவரை காற்றே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அங்கேதான் அதிர்ச்சி.

பழைய ரயில் தடம்

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் எளிதில் வழுக்கும். அதனால் ரயில் தடம் போட்டவர்கள் ஏற்றத்தை மிகக் கவனமாகக் குறைத்தார்கள். மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள், தேவைப்பட்டால் சுரங்கம் குடைந்தார்கள். 50 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறினாலே ரயிலுக்கு அது கடுமையான ஏற்றம். ரயில் நின்றுபோன பிறகு அந்த உழைப்பெல்லாம் சைக்கிளுக்கு வந்து சேர்ந்தது. பிரிட்டனில் நஷ்டத்தில் ஓடும் தடங்களை மூடச் சொல்லி 1963-இல் வந்த பீச்சிங் அறிக்கையைத் தொடர்ந்து ஏராளமான தடங்கள் மூடப்பட்டன. பிரிஸ்டலுக்கும் பாத் நகரத்துக்கும் இடையே அப்படி நின்றுபோன ஒரு தடத்தை 1979 முதல் 1986 வரை பெரும்பாலும் தன்னார்வலர்களே சைக்கிள் பாதையாக மாற்றினார்கள். 21 கி.மீ., முழுக்கத் தார், நடுவில் ஒரு சுரங்கமும் உண்டு.

ஓட்டும் சுகம் என்று மட்டும் பார்த்தால் ரயில் தடமே முதலிடம். வளைவுகள் பெரியவை, இருபுறமும் மரமோ கரையோ இருப்பதால் காற்று குறைவு, ஒரே கியரில் ஒரே சீராக மிதித்துக்கொண்டே போகலாம். பிறகு ஏன் இதை முதலில் வைக்கவில்லை? இது சுற்று அல்ல, கோடு. போனால் அதே வழியில் திரும்பவேண்டும். அல்லது இன்னொரு வழி கண்டுபிடிக்கவேண்டும். பிரிஸ்டல்–பாத் போல இரு முனைக்கும் இடையே இன்னொரு தடத்தில் ரயில் ஓடுகிறது என்றால் ஒரு வழி மிதித்து மறுவழி ரயிலில் வந்துவிடலாம். ரயிலில் சைக்கிளை ஏற்றும் விதிகள் ஊருக்கு ஊர், நேரத்துக்கு நேரம் மாறும். அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சிக்கல், கண்ணை ஏமாற்றும் ஏற்றம். ஒரு சதவீதம் என்பது 10 கி.மீ.யில் 100 மீட்டர் உயரம். மரங்களுக்கு நடுவே நேராகப் போகும் பாதையில் அது தெரியவே தெரியாது. இன்று ஏன் கால் இவ்வளவு கனக்கிறது, பிரேக் உரசுகிறதா, டயரில் காற்றில்லையா என்று இறங்கிப் பார்ப்பவர்கள் உண்டு. திரும்பும்போது அதே பாதை தானாக உருளும், அப்போது புரியும். எந்த முனை உயரமானது என்று முன்பே பார்த்துவிட்டுத் தாழ்ந்த முனையிலிருந்து கிளம்புவது நல்லது.

மூன்றாவது, ரயில் தடம் என்றால் தார்ப்பாதை என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் இப்படி மாற்றிய முன்னோடிப் பாதைகளில் ஒன்றான விஸ்கான்சினின் எல்ராய்–ஸ்பார்ட்டா, 1967 முதல் இருக்கிறது. அதன் தரை நொறுக்கிய சுண்ணாம்புக்கல். அகலமான டயர் உள்ளவருக்கு அருமை, 25 மி.மீ. டயர் போட்ட ரோடு பைக்குக்குத் தலைவலி. பல நகரங்களில் முதல் 10 கி.மீ. தார், ஊர் எல்லை தாண்டியதும் சரளை என்றும் இருக்கும்.

நாமே கோர்த்துக்கொள்ளும் சுற்று

நம்மில் பலருக்கு மேலே சொன்ன மூன்றும் அப்படியே கிடைப்பதில்லை. ஏரிப் பாதை 4 கி.மீ., கால்வாயோரம் 6 கி.மீ., நடுவில் ஒன்றரைக் கிலோமீட்டர் தெரு. அதைச் சேர்த்தால் ஒரு சுற்று வரும். அப்படிச் சேர்ப்பது தவறே இல்லை, நன்றாக அமைந்தால் நான்கிலும் இதுதான் அழகானது. மினியாபொலிஸையே மறுபடி எடுத்துக்கொள்வோம். தெரு மட்டத்துக்குக் கீழே பள்ளமாக ஓடிய பழைய ரயில் தடம் ஒன்று மிட்டவுன் கிரீன்வே என்ற 9 கி.மீ. பாதையாகி ஏரிகளை மிசிசிப்பி ஆற்றோடு இணைக்கிறது. ஆற்றோரம் தெற்கே வந்து, மின்னஹாஹா ஓடையை ஒட்டிய பாதையில் மறுபடி ஏரிகளுக்கே திரும்பிவிடலாம். ரயில் தடம், ஆறு, ஓடை, ஏரி எல்லாம் ஒரே சுற்றில்.

கோர்ப்பதை ஒரு முறையாகவே ஆக்கியவர்கள் பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியினர். சைக்கிள் பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் எண் கொடுத்து, அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி வைத்தார்கள். 1995-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்தவர் ஒரு சுரங்கப் பொறியாளர். நிலத்தடிச் சுரங்கத்தில் வழி காட்டும் முறைதான் மேலே வந்தது. நெதர்லாந்திலும் இப்போது இதே முறை பரவியிருக்கிறது. நான்கைந்து எண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஹேண்டிலில் ஒட்டிக்கொண்டால் போதும், கைபேசியே வேண்டாம். நடுவில் களைத்தால் வேறு எண்ணுக்குத் திரும்பிச் சுற்றைச் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட ஏற்பாடு இல்லாத ஊரில் கோர்த்த சுற்றை மதிப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. மிக மோசமான ஒரு கிலோமீட்டர் எது? அதைப் பார்த்தால் போதும். 28 கி.மீ. சொர்க்கமும் 1 கி.மீ. லாரிச் சாலையும் சேர்ந்த சுற்று, எளிய சுற்று ஆகாது. கூட வருபவருக்கு நினைவில் நிற்பது அந்த ஒரு கிலோமீட்டர்தான், மறுவாரம் கூப்பிட்டால் வரமாட்டார். இணைப்புத் தெரு மெதுவான குடியிருப்புத் தெருவாக இருந்தால் பரவாயில்லை. பெரிய சாலையை ஒரே ஒரு முறை சிக்னலில் கடப்பது என்றாலும் பரவாயில்லை. பெரிய சாலையில் வண்டிகளோடு சேர்ந்து போய், நடுவில் வந்து, எதிர் வரிசையைக் கடந்து திரும்புவது என்றால் வேறு வழி தேடுங்கள்.

திசையை மாற்றினாலே இந்தச் சிக்கல் சில சமயம் தீர்ந்துவிடும். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடஞ்சுழியாகச் சுற்றினால் திருப்பங்கள் பெரும்பாலும் இடப்பக்கமே வரும், எதிர் வரிசையைக் கடக்க வேண்டியதில்லை. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலஞ்சுழி. காற்று சொல்லும் திசையும் இதுவும் முரண்பட்டால் நான் காற்றைப் பொறுத்துக்கொள்வேன்.

செயலிகள் தரும் ஆயத்தச் சுற்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்ட்ராவா போன்றவற்றின் வரைபடத்தில் பிரகாசமாகத் தெரியும் கோடுகள், அதிகம் பேர் போன வழிகள். அதிகம் பதிவு செய்பவர்கள் வேகமாக ஓட்டிப் பயிற்சி எடுப்பவர்கள். அவர்களுக்குப் பிடித்த அகலச் சாலை நமக்கு வேண்டிய சுற்றாக இருக்கவேண்டியதில்லை. கோமூட் போன்றவை தார் எவ்வளவு, சரளை எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். அந்தத் தகவல் பெரும்பாலும் எவரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரோ ஒரு தன்னார்வலர் குறித்து வைத்தது. நல்ல தகவல்தான், ஆனால் எப்போது குறித்தது என்று தெரியாது. செயற்கைக்கோள் படத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், முக்கியமாகப் பாலங்களையும் இணைப்புத் தெருக்களையும்.

தரையும் அகலமும்

தார் என்று எழுதியிருந்தாலும் எல்லாத் தாரும் ஒன்றல்ல. மரத்தடிப் பாதைகளில் வேர் கீழிருந்து தள்ளி, குறுக்கே வரப்புபோல எழும்பியிருக்கும். நிழலில் அது தெரியாது. கான்கிரீட் பாதைகளில் இணைப்புகள் சீராகத் தட்டிக்கொண்டே வரும். நீர்நிலையின் மேல் போட்ட மரப்பலகைப் பாதை நனைந்தால் சோப்புபோல வழுக்கும். ஈர இலை, சாலையில் அடித்த வெள்ளைப் பட்டை, இரும்பு மூடிகள் ஆகியவற்றின் மேல் திரும்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. ரயில் தண்டவாளம் குறுக்கே வந்தால் கூடியவரை செங்குத்தாகக் கடக்கவேண்டும். இந்தப் பாதைகளுக்கு 28 முதல் 32 மி.மீ. டயர், காற்றைக் கல்லுபோல அடிக்காமல் கொஞ்சம் இளக்கி ஓட்டினால் சுகம். ரோடு பைக் என்றால் ஒல்லி டயர்தான் என்ற எண்ணம் போய் ரொம்ப நாளாகிவிட்டது.

கார் நுழையாதபடி பாதையின் நடுவே நட்டிருக்கும் கம்பம்தான் கார் இல்லாத பாதைகளின் தனிச் சிறப்பு ஆபத்து. வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவர் கடைசி நொடியில் விலகுவார், பின்னால் வருபவருக்குக் கம்பம் திடீரென்று முளைத்ததுபோல இருக்கும். முதலில் போகிறவர் கத்திச் சொல்வதும், பின்னால் வருபவர் இடைவெளி விடுவதும் தவிர இதற்கு மருந்தில்லை.

அகலத்துக்கு ஒரு அளவு வேண்டுமென்றால், இருதிசையிலும் நடப்பவர்களும் சைக்கிள்களும் பகிர்ந்துகொள்ளும் பாதைக்கு அமெரிக்க வடிவமைப்பு வழிகாட்டிகள் வழக்கமாகச் சொல்வது 10 அடி, அதாவது 3 மீட்டர். அதற்குக் குறைவான பாதையில் நல்ல கூட்டம் வந்தால், மணி அடித்து அடித்தே பொழுது போய்விடும். வேக வரம்பும் பல இடங்களில் உண்டு. சிங்கப்பூரில் பூங்காக்களை இணைக்கும் பாதைகளிலும் சைக்கிள் பாதைகளிலும் 25 கி.மீ.தான் உச்சம். எளிய சுற்றுக்குக் கிளம்புபவருக்கு அது ஒரு தடையே அல்ல.

பாதையே இல்லாத நகரத்திலும் ஒரு வழி இருக்கலாம். கார்களைச் சில மணி நேரம் நிறுத்திவைத்துச் சாலையையே திறந்துவிடும் நாட்கள். கொலம்பியாவின் போகோட்டாவில் 1970-களிலிருந்தே ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் காலை 7 முதல் பிற்பகல் 2 மணி வரை 100 கி.மீ.க்கும் மேலான சாலைகள் நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும்தான். நல்ல தார், நல்ல அகலம். கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளவேண்டும், நேரம் முடிந்தால் கார்கள் திரும்பிவிடும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

யாருக்கு எது

சிறுவர்களோடு போகிறீர்களா, அல்லது கூட வருபவர் பெரிய சாலையைப் பார்த்தாலே பயப்படுபவரா? பூங்கா வளையம், அதிலும் ஒருதிசைப் பாதையாக இருந்தால் மேல். விடுமுறை நாள் என்றால் காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

20 முதல் 35 கி.மீ. வரை, பேசிக்கொண்டே, அங்கங்கே நின்று பார்த்துக்கொண்டே போகவேண்டும் என்றால் இரு கரை. நல்ல பாலங்கள் கிடைக்கவில்லை என்றால் பிடிவாதம் வேண்டாம். ஒரே கரையில் போய் அதே கரையில் திரும்பிவிடலாம், சுற்று என்ற பெயர் போனால் போகட்டும். படிக்கட்டில் சைக்கிளைச் சுமப்பதைவிட அது எவ்வளவோ தேவலை.

நிற்காமல் ஒரே சீராக மிதிக்க ஆசைப்படுபவர், உடற்பயிற்சிக்காக நேரம் கணக்கிட்டு ஓட்டுபவர், காற்றைக் கண்டால் ஆகாதவர் எல்லாம் ரயில் தடத்துக்குப் போகலாம். கோர்த்த சுற்று, உங்கள் ஊரைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்திருந்தால் மட்டும். அதை முதல் முறை தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்த மோசமான கிலோமீட்டர் தாங்கும் என்று தெரிந்த பிறகு மற்றவர்களைக் கூட்டிப்போவது சரி.

பலத்த மழைக்கு மறுநாள் மட்டும் என் வரிசை தலைகீழாகிவிடும். ஆற்றங்கரையில் பாலத்தடிப் பாதைகள்தான் முதலில் மூழ்கும், கடைசியில் வடியும். தண்ணீர் போன பிறகும் ஒரு விரல் தடிமனுக்குச் சேறு படிந்திருக்கும். அதில் ஒல்லி டயர் நிற்காது. மேடாகக் கரை எழுப்பிப் போட்ட ரயில் தடத்தில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். வெட்டுப் பள்ளங்களில் மட்டும் ஈர இலைகளைப் பார்த்து ஓட்டவேண்டும். பாலத்தடிகள் காய்ந்துவிட்டதாகச் செய்தி வரும்வரை ஆற்றுப் பக்கம் போகவேண்டாம்.